கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி: ஊராட்சிக் கேள்வி பதில்

எங்கள் ஊரில் கிராம சபை தவறாமல் நடக்கிறது. போனதும் முதலில் நோட்டில் கையெழுத்து, பிறகு டீ, பிறகு பேச்சு. கீழத்தெரு வடிகால் பற்றி இரண்டு வருடமாகப் பேசிவிட்டோம். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் அப்படி ஒரு தீர்மானமே இல்லை என்கிறார்கள். தவறு எங்கே?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

கையெழுத்து முதலிலும் பேச்சு பின்னாலும் வருகிறதே, தவறு அங்கேதான். கூட்டத்தில் எவ்வளவு நேரம் பேசினாலும் அரசு அலுவலகத்துக்குத் தெரிவது தீர்மானப் பதிவேட்டில் ஏறிய வரி மட்டும்தான். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் தீர்மானம் எழுதாத வெற்றுத் தாளின் அடியிலோ, தலைப்பு இல்லாத பக்கத்திலோ போடாதீர்கள். தீர்மானங்களை எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, மீதமுள்ள வெற்று வரிகளில் குறுக்குக் கோடு போட்ட பிறகு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதற்கு யாருடைய தயவும் தேவையில்லை.

வேலையைக் கூட்டத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கிராம சபை நாட்கள். ஆறு தேதிகளும் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பத்து நாட்களுக்கு முன்பே கோரிக்கையை எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்ட அறிவிப்பு 7 நாட்களுக்கு முன் வெளியாக வேண்டும். அதில் உள்ள பொருள் பட்டியலில் உங்கள் கோரிக்கை வந்திருக்கிறதா என்று அன்றே பாருங்கள். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022-இல் அரசே சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து எல்லாத் தெருவுக்கும் அறிவிப்பது ஊராட்சியின் கடமை. 'சொன்னோம், யாரும் வரவில்லை' என்று சொல்லும் ஊர்களில் பெரும்பாலும் அந்த ஆட்டோ பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்காது.

அடுத்தது தீர்மானத்தின் வாசகம். 'கீழத்தெருவுக்கு வடிகால் வசதி செய்து தர வேண்டும்' என்று எழுதினால் அதில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'கீழத்தெருவில் பள்ளிக்கூட முனையிலிருந்து ஓடைப் பாலம் வரை 140 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் வடிகால் அமைக்க வேண்டும். பயன்பெறும் வீடுகள் 46. மதிப்பீடு தயாரிக்குமாறு ஒன்றியப் பொறியாளருக்கு ஊராட்சி 15 நாட்களுக்குள் கடிதம் அனுப்ப வேண்டும். இப்பணி கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முதல் முன்னுரிமையில் சேர்க்கப்பட வேண்டும். எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் ஊராட்சி செயலர் படிக்க வேண்டும்.' இடம், அளவு, பயனாளிகள், செய்ய வேண்டியவர், கெடு என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் அந்த ஓட்டை வழியாக வேலை நழுவிவிடும்.

வடிகால் என்பதால் இன்னொன்று. தண்ணீர் எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்யாமல் வாய்க்காலைக் கட்டுவதுதான் ஊர்தோறும் நடக்கிறது. 200-க்கு 1 என்ற சரிவு வேண்டுமானால் 140 மீட்டருக்கு 70 சென்டிமீட்டர் இறக்கம் கிடைக்க வேண்டும். ஒரு ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பது போல நீங்களே முனைக்கு முனை பார்த்துவிடலாம். அந்த இறக்கம் இல்லையென்றால் வடிகாலின் திசையையோ விழும் இடத்தையோ மாற்றும்படி தீர்மானத்திலேயே எழுதுங்கள். கட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தால் தெருவில் நின்ற கழிவுநீர் சிமென்ட் தொட்டியில் நிற்கும், அவ்வளவுதான் மாற்றம்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கோரம் சேராத கூட்டத்தின் தீர்மானத்தைப் பின்னால் யார் வேண்டுமானாலும் செல்லாது என்று சொல்லிவிடலாம். ஆகவே எதிர்த்துப் பேசப் போகிறவரும் வந்து எண்ணிக்கையில் சேர்வதுதான் நல்லது. முடிந்த பிறகு தீர்மான நகல் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. பதிலுக்கு 30 நாள், வரவில்லையென்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவில் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். '2.10 தேதியிட்ட கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டின் பக்கங்களின் நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். ஆவணத்துக்குத்தான் பதில் வரும்.


ஊராட்சியில் காசோலை யார் கையெழுத்தில் போகிறது? வார்டு உறுப்பினருக்கு ஏதாவது அதிகாரம் உண்டா?
– வாசகர், கரூர் மாவட்டம்

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும்போது தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் பணம் வெளியே போகும். இணையவழிப் பணப் பரிமாற்றம் வந்த பிறகும் இருவருடைய மின்னணு ஒப்பமும் வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே உறுப்பினருக்கு அதிகாரம் இல்லை என்பது சரியல்ல. செலவுக்கு ஒப்புதல் தருவது ஊராட்சி மன்றக் கூட்டம். அதில் பட்டியலைப் பார்க்காமல் தலையாட்டுகிற உறுப்பினர்தான் தன் அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறார். கிராம சபையில் வரவு செலவை 'படிவம் 30' என்ற கணக்காக வைப்பார்கள். மின்கட்டணம், மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு ஆகிய நான்கு இனங்களை மட்டும் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். சிறு தொகைகளாகப் பிரிந்து திரும்பத் திரும்ப வரும் செலவுகள் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும்.


வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஆனால் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீர் வாசலில் ஓடுகிறது, கடைசித் தெருவில் சொட்டுகிறது. தினமும் சண்டை. குடிநீர்க் குழு அமைத்தால் தீருமா? மாதம் எவ்வளவு வசூலிக்கலாம்?
– மகளிர் குழு உறுப்பினர்கள், புதுக்கோட்டை மாவட்டம்

குழு வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வாளியும் கைபேசியும் எடுத்துக்கொண்டு அளந்து பாருங்கள். அளவு தெரியாமல் கூடினால் குழுவிலும் அதே சண்டைதான் நடக்கும்.

வீட்டுக்கு வீடு குழாய் தர 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர். 320 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,280 பேருக்கு 70,400 லிட்டர். தொட்டி 30,000 லிட்டர் என்றால் நாளைக்கு இரண்டு முறை நிரப்பினாலும் போதாது, மூன்றாவது முறையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணறு அதைத் தருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டாரைப் போட்டு, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்தாலே விடை கிடைத்துவிடும்.

பிறகு பங்கீடு. 10 லிட்டர் வாளியை முதல் தெருவில் ஒரு குழாயிலும் கடைசித் தெருவில் ஒரு குழாயிலும் வையுங்கள். முதல் தெருவில் ஒரு நிமிடத்திலும் கடைசித் தெருவில் மூன்று நிமிடத்திலும் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டின் பங்கு 220 லிட்டர். முதல் தெருவுக்கு 22 நிமிடம் போதும், கடைசித் தெருவுக்கு 66 நிமிடம் வேண்டும். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் முதல் தெருவில் மிச்சமெல்லாம் வாசலில்தான் ஓடும். ஆகவே தெருக்களை இரண்டு அல்லது மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு கேட் வால்வு வைத்து, பகுதிக்கு ஏற்ற நேரம் விடுங்கள். வால்வின் சாவி டேங்க் ஆப்பரேட்டரிடம் மட்டும் இருக்கட்டும். நேர அட்டவணையைத் தொட்டியின் தூணில் பெயின்டால் எழுதிவிடுங்கள். காகிதத்தில் ஒட்டினால் பிடிக்காத ஒருவர் கிழித்துவிடுவார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இன்னொரு காரணமும் இருக்கலாம். வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தாலும் அந்தக் கிளைக் குழாயே வற்றிவிடும். அதோடு குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படும். இது அண்டை வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரவழைக்கிற செயல் என்பதைக் கிராம சபையில் வெளிப்படையாகச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை இணைப்பு துண்டிப்பு என்று எழுதுங்கள். யார் வீடு என்று பார்க்காமல் செய்ய வேண்டும். ஊரில் செல்வாக்கான ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த நாளோடு விதி செத்துவிடும்.

கிராமக் குடிநீர்க் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம். பாதிப் பேர் பெண்கள், நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஊராட்சிப் பிரதிநிதிகள், நாலில் ஒரு பங்கு நலிந்த பிரிவினர் என்பது வழிகாட்டுதல். அதோடு எங்கள் யோசனை: ஒவ்வொரு குழாய்க் கிளையின் கடைசி வீட்டிலிருந்தும் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். முதல் தெருக்காரர்கள் மட்டும் அமைக்கிற குழுவுக்கு ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை இருப்பதே தெரியாது.

வசூல் தொகைக்கு வருவோம். வால்வு, மோட்டார் ரீவைண்டிங், குழாய் ஒட்டு, குளோரின் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 96,000 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், 320 வீட்டுக்கு ஆண்டுக்கு 300, மாதம் 25 ரூபாய். ஆனால் எல்லா வீடும் கட்டும் என்று கணக்குப் போடுவதால்தான் நடு ஆண்டில் பணம் தீர்ந்து மோட்டார் கடையில் கிடக்கிறது. ஐந்தில் ஒரு வீடு கட்டாது, அல்லது கட்ட முடியாது என்று எடுத்துக்கொண்டால் 256 வீடு, மாதம் 31 ரூபாய். தனியாக வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி குடும்பம் போன்றவர்களுக்கு விலக்கு வேண்டுமென்றால் அதையும் சபையிலேயே முடிவு செய்யுங்கள். ரகசியமாகத் தரும் விலக்கு மற்றவர்களுக்கும் கட்டாமலிருக்கக் காரணமாகிவிடும். பணம் ஊராட்சி ரசீதோடு ஊராட்சிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். குழுத் தலைவர் வீட்டு அலமாரியில் இருக்கும் பணம் நல்ல எண்ணத்தில் சேர்த்ததாக இருந்தாலும் ஒருநாள் ஊரைப் பிரித்துவிடும்.

தொட்டி கழுவும் நாட்கள் மாதத்தில் 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும். பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், ஆக உங்கள் தொட்டிக்கு 120 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்துத் திறக்க வேண்டும். மூட்டை திறந்தே கிடந்தால் குளோரின் ஆவியாகி வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். கடைசிக் குழாயில் சோதித்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். களநீர்ப் பரிசோதனைப் பெட்டியை உபயோகிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது திட்டத்திலேயே உண்டு. அந்தப் பெட்டி ஊராட்சி அலுவலகத்தில் பிரிக்காமல் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.


எங்கள் காலனிக்காரர்கள் கிராம சபைக்குப் போவதில்லை. கோயில் மண்டபத்தில் நடத்துகிறார்கள், போனாலும் ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது. போகாமல் இருப்பதும் தவறு என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், மதுரை மாவட்டம்

தவறு உங்களுடையது அல்ல. மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது என்பது அரசின் தெளிவான அறிவுறுத்தல். இடத்தைக் குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பதும் அப்படியே. அறிவிப்பில் கோயில் மண்டபம் என்று இருந்தால், அன்றே வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கும் இடத்தை மாற்றக் கோரி எழுதுங்கள். மனுவோடு அறிவிப்பின் படத்தையும் சேர்த்து, 'அடுத்த சுழற்சி எங்கள் குடியிருப்பில்' என்று கேளுங்கள். கூட்டம் நடந்த பிறகு புகார் செய்வதைவிட முன்னால் இடத்தை மாற்றுவது எளிது.

உங்கள் மாவட்டத்துக்கே இதன் வரலாறு தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காததால், 1996 முதல் பத்தாண்டுகள் முறையான உள்ளாட்சி நிர்வாகமே இல்லை. 2006-இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மேலவளவில் 1997-இல், அப்படி ஒதுக்கப்பட்ட பதவிக்கு வந்த ஊராட்சித் தலைவர் முருகேசனைக் கொன்றே விட்டார்கள். இந்த விலையைக் கொடுத்து வாங்கிய நாற்காலியில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

நடைமுறையாக ஒன்று சொல்கிறோம். சபைக்கு முந்தைய வாரம் உங்கள் குடியிருப்பிலேயே கூடி, தரையில் கோலப்பொடியால் தெரு வரைபடம் போடுங்கள். விளக்கு இல்லாத கம்பம், தண்ணீர் வராத குழாய், சுடுகாட்டுப் பாதை, பட்டா இல்லாத வீடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வையுங்கள். பேசத் தயங்குகிற பெண்களும் கல் வைப்பார்கள். அதை அப்படியே படமெடுத்து, எண்ணி, பட்டியலாக்கிச் சபையில் கொடுங்கள். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தயாரிக்கும் கிராம வறுமைக் குறைப்புத் திட்டமும் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு சேர வேண்டிய ஒன்று. உங்கள் பட்டியலை அதிலும் ஏற்றிவிட்டால் இரண்டு வாசல் வழியாக உள்ளே போகும். பட்டியலைப் படிக்க ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். இருபது பேர் சேர்ந்து போய், முன்வரிசையில் உட்காருங்கள்.


தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் இல்லை. கிராம சபையும் இல்லைதானே?
– வாசகர், சேலம் மாவட்டம்

உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து மன்றத்துக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மன்றம் இல்லாமல் போகலாம். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் சேர்ந்தது, அதற்குப் பதவிக்காலம் கிடையாது. தட்டிக் கேட்க உறுப்பினர் யாரும் இல்லாத இந்தக் காலத்தில்தான் நீங்கள் தவறாமல் போக வேண்டும்.


எங்கள் ஊர் ஏரியை ஊரே சேர்ந்து தூர்வார நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது? எல்லாரிடமும் ஒரே தொகை வசூலிப்பது நியாயமா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், மேல் என்றால் நீர்வளத் துறை. அனுமதி இல்லாமல் பொக்லைனை இறக்கினால் நல்ல வேலையும் மணல் திருட்டு வழக்காக முடியும். நில அளவரைக் கொண்டு எல்லைக்கல் நடுவதும் முன்னால் நடக்கட்டும். வசூல் செய்த பிறகு ஆக்கிரமிப்புப் பேச்சு வந்தால் பணம் கொடுத்தவரே எதிர்த்து நிற்பார்.

தூர் என்றதும் எல்லாரும் ஏரியின் நடுவில்தான் தோண்டுகிறார்கள். வரத்துக் கால்வாய் அடைந்து கிடந்தால் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் வராது, அதனால் வரத்துக் கால்வாயிலிருந்து தொடங்குங்கள். அடுத்து வயலுக்கு நீர் திறக்கும் மடை, மிகை நீர் வழியும் கலிங்கு, கரை, கடைசியாகத்தான் ஏரியின் உட்பகுதியான உள்வாய். ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழம் எடுத்தால் 43,560 கன அடி மண். டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி என்றால் 436 நடை. இந்தக் கணக்கைப் போட்டால் முழு ஏரியையும் தூர்வாரும் ஆசை தானாக அடங்கி, எங்கே எடுத்தால் பயன் என்ற பேச்சு வரும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் வேண்டுமென்று ஓரிடத்தில் செய்யலாம், ஆனால் பாசனத்துக்கு என்று சொல்லிச் செய்யக் கூடாது. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். கலிங்கை உயர்த்தச் சொல்லும் குரலும் வரும். உயர்த்தினால் மேல்பக்கத்து நிலங்கள் மூழ்கும், பெருமழையில் கரை உடையும்.

எல்லாரிடமும் ஒரே தொகை வாங்குவது நியாயமல்ல. மக்களும் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்தால், 6 லட்சம் மதிப்பீட்டுக்கு 2 லட்சம். ஆயக்கட்டு 80 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 2,500 ரூபாய். நிலம் வைத்திருப்பவர் அதைக் கொடுக்கட்டும். குத்தகைக்கு உழுகிறவர் இந்த ஆண்டு இருப்பார், அடுத்த ஆண்டு இல்லாமல் போகலாம். அவரிடம் மூலதனம் கேட்காமல் மடையைச் சுத்தம் செய்யும் நாள் உழைப்பை மட்டும் கேளுங்கள். நிலமில்லாதவரிடம் பணம் வேண்டாம். அதே நேரம் அவருக்கு ஏரியில் பங்கு இல்லை என்றும் ஆகிவிடக் கூடாது. மீன்பாசி குத்தகை வருமானம் என்ன ஆகிறது, கரையில் வளரும் மரம் யாருக்கு, கால்நடை எங்கே இறங்கலாம் என்ற முடிவுகளில் அவரும் உட்கார வேண்டும். மீன் குத்தகைத் தொகையில் ஒரு பகுதியை, மடை திறந்து வயல்களுக்கு நீர் விடும் நீர்பாய்ச்சியின் கூலிக்கும் மடைப் பராமரிப்புக்கும் ஒதுக்கித் தீர்மானம் போட்ட ஊரில் அடுத்த தூர்வாரலுக்கு இவ்வளவு பெரிய வசூல் தேவைப்படாது.


சோழர் காலக் குடவோலை முறையைத் திரும்பக் கொண்டுவந்தால் ஊராட்சி ஊழல் ஒழியும் என்கிறார்களே?
– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

குடவோலை என்பது தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்துத் தேர்ந்தெடுக்கும் முறை. அதைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரும் குடத்தில் விழாது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் இருந்ததும் நல்ல ஏற்பாடு. ஆனால் அது பிராமணர் குடியிருப்பான ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35-க்கு மேல் 70-க்குள் வயது எல்லாம் இருந்தவர் பெயர்தான் ஓலையில் ஏறியது. ஏரியில் மண் சுமந்தவருக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. இன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஆகவே முறையை அப்படியே கொண்டுவர வேண்டாம், கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடிநீர்க் குழு, ஏரிக் குழு எதுவானாலும், முந்தைய ஆண்டுக் கணக்கைக் கிராம சபையில் படிக்காதவர் பெயர் புதிய குழுவுக்கு முன்மொழியப்படாது என்று வருகிற கூட்டத்திலேயே தீர்மானம் எழுதலாம்.